கேளுங்கள் டாக்டர் அக்கா: "11 மார்க்கில் போய்விட்டது, இனி நான் என்ன செய்ய?"

(வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு வருகிறவர்கள் இங்கே டாக்டராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு எஃப்எம்ஜிஇ. 2002 முதல் நடக்கிறது, வருடத்துக்கு இரண்டு முறை. 300 கேள்விகள், 150 எடுத்தால் பாஸ். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான், அதனால் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.)

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. ஊர் அருப்புக்கோட்டை பக்கம். அப்பா தறி வைத்திருக்கிறார், நான்கில் இரண்டை விற்றும் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தும்தான் என்னை கிர்கிஸ்தானுக்கு அனுப்பினார். இரண்டாம் வருடம் கொரோனா வந்து ஊருக்குத் திரும்பியதில் நிறைய வகுப்புகள் செல்போனிலேயே போய்விட்டன. படித்து முடித்து வந்து மூன்று முறை எஃப்எம்ஜிஇ எழுதிவிட்டேன். முதலில் 118, அடுத்து 131, இப்போது 139. ஒரு நாளைக்கு பதினான்கு மணி நேரம் வீடியோ பார்த்தேன், பதினோரு நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறேன், இதற்கு மேல் எப்படிப் படிப்பது என்று தெரியவில்லை. ரிசல்ட் வந்த மறுநாள் காலை பால் வாங்கப் போன அம்மாவிடம் எதிர்வீட்டுக்காரர் "டாக்டரம்மா எப்போ கிளினிக் போடுறாங்க" என்று கேட்டாராம், அம்மா பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டார். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பக்கத்து ஊர் நர்சிங் ஹோமில் நைட் டியூட்டிக்கு வரச் சொல்கிறார்கள், மாதம் 25,000, பதிவு எண் வேண்டாமாம். போகலாமா? மறுபடி எழுதவா, இல்லை விட்டுவிடவா? சில ராத்திரிகளில் நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த நினைப்பு வருகிற ராத்திரி தனியாகப் படுக்காதே, அம்மா பக்கத்தில் போய்ப் படு. "எனக்கு இப்படித் தோன்றுகிறது" என்று இன்றைக்கே ஒரு ஆளிடமாவது வாயைத் திறந்து சொல். வீட்டில் சொல்ல முடியவில்லை என்றால் 14416-க்கு போன் போடு, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரத்திலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நம் மாநிலத்தின் 104-லும் பேசலாம். இதே நினைப்போடு ஒரு நோயாளி உன்னிடம் வந்திருந்தால் நீ லேசாக எடுத்துக்கொள்ள மாட்டாய் அல்லவா, உன்னையும் லேசாக எடுத்துக்கொள்ளாதே.

நானும் வெளியே படித்துவிட்டு வந்தவள்தான், ரஷ்யாவில். 112, 128, 144, அப்புறம் நான்காவது முறை 171. அந்த 144 வந்த அன்று அத்தை மகளுக்கு வளைகாப்பு. வளையல் போடுகிற வரிசையில் நின்றுகொண்டே போனில் பிடிஎஃப்பைத் திறந்து என் எண்ணைத் தேடினேன். பார்த்துவிட்டு போனை மடியில் செருகிக்கொண்டு, எட்டு கண்ணாடி வளையலையும் ஒவ்வொன்றாக அவள் கையில் போட்டுவிட்டு, ஏழு வகை சாதமும் பரிமாறிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அழுதேன். அடுத்த மூன்று வாரம் புத்தகத்தைத் தொடவில்லை. எல்லோரும் திட்டினார்கள், ஆனால் அந்த மூன்று வாரம் எனக்குத் தேவைப்பட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நீயும் கொஞ்ச நாள் எதையும் முடிவு செய்யாமல் இரு. ரிசல்ட் வந்த வாரத்தில் எடுக்கிற முடிவை நாம் எடுப்பதில்லை, எதிர்வீட்டுக்காரரின் கேள்விதான் எடுக்கிறது.

ஆனால் ஒரு முடிவை மட்டும் இன்றே எடுத்துவிடு. அந்த நைட் டியூட்டிக்குப் போகாதே. இதை நான் சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. என் இரண்டாவது தோல்விக்கு அப்புறம் நான் போனேன், இதே மாதிரி ஒரு இடத்துக்கு, நான்கு ராத்திரி. நான்காவது ராத்திரி இரண்டு மணி இருக்கும், காய்ச்சலில் வலிப்பு வந்த ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு அப்பா ஓடி வந்தார். குழந்தையின் கண் மேலே செருகியிருந்தது, வாயோரம் நுரை, உடம்பு கொதிக்கிறது. மருந்து என்ன என்று எனக்குத் தெரியும், எடைக்கு எவ்வளவு என்றும் மனப்பாடம், ஆனால் கை போகவில்லை, ஏனென்றால் அதுவரை நான் ஒரு குழந்தைக்கும் ஊசி ஏற்றியதில்லை. இருபது வருடம் வேலை பார்த்த நர்ஸ் அக்காதான் என்னை நகர்த்திவிட்டு செய்தார். குழந்தை பிழைத்தது. விடியற்காலையில் கேஸ் ஷீட்டைப் பார்த்தால், அன்று ஊரிலேயே இல்லாத முதலாளி டாக்டரின் பெயரில் எல்லாமே எழுதியிருந்தது. அந்த அப்பா என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் அங்கே நான் போகவில்லை, நான்கு நாள் சம்பளத்தையும் கேட்கவில்லை.

அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் மாட்டியிருக்கப் போவது நான்தான். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, பிரிவு 34, பதிவு இல்லாமல் வைத்தியம் பார்த்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். உன் பெயரில் ஒரு வழக்கு வந்துவிட்டால் நாளைக்கு நீ தேறினாலும் டாக்டர்களைப் பதிவு செய்கிற மருத்துவக் கவுன்சிலில் போய் எந்த முகத்தோடு நிற்பாய்? 25,000-க்கு நீ விற்கப்போவது அப்பா தறியை விற்று வாங்கிய படிப்பை.

சரி, இப்போது உன் மார்க்குக்கு வருவோம். 118, 131, 139. நீ இதைத் தோல்வி, தோல்வி, தோல்வி என்று படிக்கிறாய், எனக்கு ஒவ்வொரு முறையும் ஏறியிருப்பதும், ஏற்றம் 13-லிருந்து 8 ஆகக் குறைந்திருப்பதும் தெரிகிறது. முதலாவது நல்ல செய்தி. இரண்டாவது, நீ படிக்கிற முறை இதற்கு மேல் உன்னைத் தூக்காது என்று சொல்கிறது. பதினான்கு மணி நேரம் வீடியோ, பதினோரு நோட்டு என்று எழுதியிருக்கிறாயே தவிர, எத்தனை கேள்வி போட்டாய், எத்தனை ஜிடி (கிராண்ட் டெஸ்ட், முழு மாதிரித் தேர்வு) எழுதினாய் என்று ஒரு வரி இல்லை. வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார். தேர்வில் நான்கு விடையும் சரி மாதிரி நிற்கும்போது மூன்றைத் தள்ள வேண்டும், அந்தப் பழக்கம் கேள்வி போட்டால்தான் வரும். நானும் மூன்று முறை இதே தப்பைச் செய்தேன், நான்காவது முறை புதிதாக ஒரு நோட்டும் எழுதவில்லை.

உன் வீட்டு தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை எடு, அதன் பின்பக்கம் பாடங்களையும் மார்க்கையும் எழுது. எல்லோரும் மெடிசின் 33, சர்ஜரி 32 என்று மலையோடு முட்டுகிறார்கள், முட்டத்தான் வேண்டும். ஆனால் சைக்கியாட்ரி, தோல், ரேடியோதெரபி, மயக்கவியல், எலும்பு, ரேடியாலஜி, இந்த ஆறும் ஆளுக்கு 5 மார்க், மொத்தம் 30. கம்யூனிட்டி மெடிசின் (சமூக மருத்துவம்) மட்டும் தனியாக 30. ஃபாரன்சிக் (தடயவியல் மருத்துவம்) 10. கண்ணும் காது மூக்கு தொண்டையும் சேர்ந்து இன்னொரு 30. இந்த நூறு மார்க்கில் நீ எவ்வளவு எடுத்திருப்பாய் என்று மனதைத் தொட்டுச் சொல். உனக்குக் குறைந்த 11 இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கம்யூனிட்டி மெடிசினில் நம் ஆட்கள் அடிவாங்குவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நம் தடுப்பூசி அட்டவணையும் காசநோய்த் திட்டமும் பிஷ்கேக்கில் யாருக்கு வேண்டும்? அங்கே யாரும் சொல்லித் தரவில்லை, இங்கே வந்து வீடியோவில் பார்த்தால் ஒட்டவும் மாட்டேன் என்கிறது. அதற்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு அதுதான் பலித்தது. புதன்கிழமை காலையில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. மெடிக்கல் ஆபீசரிடம் நிலைமையைச் சொல்லி, ஓரமாக உட்கார்ந்து பார்க்கட்டுமா என்று கேள். அன்று தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியர் ஒன்பது மாதக் குழந்தைக்கு எம்ஆர் (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி போட்டுவிட்டு ஐபிவி (போலியோ ஊசி) மூன்றாவது தவணையையும் போடுவதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. (மூன்றாவது ஐபிவி 2023 தொடக்கத்தில்தான் அட்டவணைக்கு வந்தது, உன் நோட்டில் இரண்டு தவணைதான் இருக்கிறது என்றால் அந்த நோட்டு பழசு.) பார்க்க மட்டும்தான் போகிறாய், கையை வைக்காதே. நான் இப்போது வேலை பார்க்கிற நிலையத்துக்கு அப்படி வந்து உட்கார்ந்த இரண்டு பேர் இன்று இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஃபாரன்சிக்கிலும் இதே கதைதான். 2024 ஜூலை 1-லிருந்து ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கு 302 என்று படித்ததெல்லாம் இப்போது 103. பழைய நோட்டைத் தேய்க்காதே.

இரண்டு வாரத்துக்கு ஒரு முழு ஜிடி எழுது. காலையில் 150 கேள்வி இரண்டரை மணி நேரம், மதியம் 150 கேள்வி இரண்டரை மணி நேரம், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, நடுவில் போன் எடுக்காமல். தப்பு விடைக்கு மார்க் குறைப்பு இல்லை, அதனால் ஒரு கேள்வியையும் விட்டுவிட்டு வராதே. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது கடைசி மூன்று ஜிடியை எடுத்துப் பார், மூன்றிலும் 165 தாண்டியிருந்தால் தைரியமாகப் போய் எழுது. 140-லேயே நின்றால் அதுவும் ஒரு பதில்தான், மெதுவாக ஏற்றுக்கொள்ள வேண்டிய பதில்.

ஆக, மறுபடி எழுதுவதா விடுவதா என்று கேட்டால், இன்னொரு முறை எழுது என்பேன். 139-ல் நிற்கிற பெண்ணிடம் விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை இப்போதே, மனம் அமைதியாக இருக்கும் நாளில், அப்பாவோடு உட்கார்ந்து தேதி போட்டு எழுதி வைத்துவிடு. இன்னும் ஒரு முறையா, இரண்டு முறையா, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விதிப்படி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் இந்தத் தேர்வின் ஆபத்தும். முப்பத்திரண்டு வயதில் ஒன்பதாவது முறை எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு யாரும் ஒரு தேதி போட்டுக் கொடுக்கவில்லை. இதற்குப் பதிலாக நெக்ஸ்ட் என்ற புதுத் தேர்வு வரப்போகிறது என்று வருடக்கணக்காகச் சொல்கிறார்கள், அதைச் சாக்கு வைத்தும் காத்திருக்காதே.

அதுவரை வீட்டில் சும்மா இருக்கவும் வேண்டாம். அரை நாள் வேலை ஒன்று தேடிக்கொள், காசுக்காக மட்டுமல்ல, காலையில் குளித்து உடுத்தி வெளியே போக ஒரு காரணம் வேண்டும். நீட் கோச்சிங்கில் உயிரியல் எடுக்கலாம், உன் உடலியலும் திடமாகும். தேதி முடிந்தும் கைகூடவில்லை என்றால் மெடிக்கல் கோடிங் (நோயையும் சிகிச்சையையும் இன்ஷூரன்ஸ் பில்லுக்கான குறியீடாக மாற்றுகிற வேலை) இருக்கிறது, சென்னையில் அதற்கு நிறைய கம்பெனிகள், மருத்துவம் படித்தவர்கள் சீக்கிரம் மேலே வருகிறார்கள். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிற வேலை, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சரிபார்க்கிற வேலை, மருத்துவமனை நிர்வாகப் படிப்பு, பொது சுகாதார முதுகலை எல்லாம் இருக்கின்றன. சில படிப்புகளுக்கு கவுன்சில் பதிவு கேட்பார்கள், பணம் கட்டுவதற்கு முன் அதைக் கேட்டுக்கொள். நோயாளியைத் தொடுகிற வேலை மட்டும்தான் உனக்கு மூடியிருக்கிறது, படித்த படிப்பு உன்னிடம்தான் இருக்கிறது.

கடனை நினைத்து பயப்படுவாய். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போ, இது கல்விக் கடனா, வீட்டின் மேல் வாங்கிய கடனா என்று முதலில் தெரிந்துகொள். கல்விக் கடன் என்றால் வேலை கிடைக்காத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க வழி உண்டு, வாயால் கேட்காமல் மேலாளரிடம் எழுத்தில் கொடு. தவணை தவறிய பிறகு போவதைவிட தவறுவதற்கு முன் போகிறவர்களிடம் அவர்களும் நன்றாகப் பேசுவார்கள்.

கல்யாண விஷயம் உன் விருப்பம், அதில் நான் நுழையவில்லை. பிடித்த பையன் என்றால் பண்ணிக்கொள், ஆனால் பெண் பார்க்க வருகிறவர்களிடம் "டாக்டர்" என்று மட்டும் சொல்லி உட்கார வைக்க வீட்டாரை விடாதே. எஃப்எம்ஜிஇ இன்னும் தேறவில்லை, எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று முதல் பேச்சிலேயே சொல்லச் சொல். எழுந்து போகிறவர்கள் போகட்டும்.

அம்மாவுக்கு ஒரு வரி. எதிர்வீட்டுக்காரர் மறுபடி கேட்டால், "பரீட்சை இன்னும் பாஸ் ஆகலைங்க, கஷ்டமான பரீட்சை, அஞ்சு பேர் எழுதினா ஒருத்தர்தான் தேறுறாங்க, அடுத்த தடவை எழுதுறா" என்று சொல்லிவிட்டுப் பாலை வாங்கிக்கொண்டு வாருங்கள். பொய்யில்லை, 2024 ஜூன் தேர்வில் தேறியவர்கள் நூற்றுக்கு இருபத்தொன்றுதான்.

கேள்வி: நான் திருநெல்வேலி மாவட்டத்தில் கடை வைத்திருக்கிறேன். மகன் பிலிப்பைன்ஸில் படித்தான், இரண்டு முறை எழுதித் தவறிவிட்டான். அறையை விட்டு வெளியே வருவதில்லை. சொந்தக்காரர் ஒருவர் வழியாக ஒரு ஆள் வந்து, எட்டு லட்சம் கொடுத்தால் தேர்வே எழுதாமல் கவுன்சில் பதிவு வாங்கித் தருகிறேன் என்கிறார். நிறைய பேருக்குச் செய்திருக்கிறாராம். நம்பலாமா?

பதில்: ஐயா, வேண்டாம், அந்த ஆளை இனி கடைப்படி ஏற விடாதீர்கள். 2022 டிசம்பரில் சிபிஐ நாடு முழுக்க 91 இடங்களில் சோதனை போட்டது எதற்காகத் தெரியுமா? எஃப்எம்ஜிஇ தேறாமலேயே மாநில கவுன்சில்களில் பதிவு வாங்கிவிட்டதாக 73 பேர் மீது வழக்கு. பதிவு வாங்கிக் கொடுத்த ஆளை அப்புறம்தான் தேடுவார்கள், சர்டிபிகேட்டில் இருக்கிற பெயர்தான் முதலில் மாட்டும், அது உங்கள் மகன் பெயர். அந்த எட்டு லட்சம் திரும்பி வராது என்பது இதில் சின்ன நஷ்டம். தேர்வுக்கு முந்தின வாரம் டெலிகிராமில் கேள்வித்தாள் தருகிறோம் என்று வருகிறவர்களும் இதே கூட்டம்தான், மகனிடம் அதையும் சொல்லி வையுங்கள்.

மகன் வெளியே வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் அவன் அறைக்குள் கடைசியாகப் போனது எப்போது? போய் உட்காருங்கள். செலவு கணக்கு, அடுத்த தேர்வு, பக்கத்து வீட்டுப் பையன், மூன்றையும் எடுக்காதீர்கள். "சாப்பிட்டியாப்பா" என்று கேளுங்கள், பதில் வராவிட்டாலும் பத்து நிமிடம் அங்கேயே இருங்கள், மறுநாளும் போங்கள். பின்பு கடை திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் துணைக்கு வரச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை, பேச்சே இல்லை என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது.

கேள்வி: நானும் என் அறை நண்பனும் ஒன்றாகப் படித்து ஒன்றாக எழுதினோம். நான் 158, அவன் 147. ரிசல்ட் வந்ததிலிருந்து என் போனை எடுப்பதில்லை. எனக்குச் சந்தோஷப்படவே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, நீங்கள் தாராளமாகச் சந்தோஷப்படுங்கள், அதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "கவலைப்படாதே மச்சி, அடுத்த தடவை கண்டிப்பாக வரும்" என்று மட்டும் அனுப்பாதீர்கள், மூன்று முறை அதை வாங்கிப் படித்தவள் சொல்கிறேன், எரிச்சல்தான் வரும். இப்போதைக்கு ஒரு மாதம் போன் எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் நேரில் போய், உங்கள் கியூ பேங்க் (ஆன்லைன் கேள்வித் தொகுப்பு) கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் அதைக் காட்டி, தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு இருபது கேள்வி, போனில், நான் கேட்கிறேன் நீ சொல் என்று கேட்டுப் பாருங்கள். இன்டர்ன்ஷிப்பில் நைட் டியூட்டி வரும் நாட்களில் முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொல்லிவிட்டுக் கூப்பிடாமல் இருந்தால் அவனுக்கு இன்னும் வலிக்கும்.